ஓவனில் பன்றி ரோஸ்ட்: என்ன குறை, எதனால் வந்தது, எப்படிச் சரிசெய்வது?

தோலோடு கூடிய பன்றிக்கறியை முழுத் துண்டாக ஓவனில் சுடும்போது ஒரே தட்டில் இரண்டு சமையல் நடக்கிறது. மேலே இருக்கும் தோலுக்கு வறட்சியும் கடும் சூடும் வேண்டும். அடியில் இருக்கும் கறிக்கு ஈரமும் மிதமான சூடும் வேண்டும். இரண்டையும் ஒரே சூட்டில், ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பதால்தான் பெரும்பாலான ரோஸ்ட்கள் கெடுகின்றன. மசாலாவை மாற்றி மாற்றிப் பார்த்துப் பயனில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

எந்த முறையை வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோல், கொழுப்பு, கறி என்று அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுப் பகுதி, ஒன்றரைக் கிலோ, 4 முதல் 5 செ.மீ. தடிமன். கறிப் பக்கத்தில் கிலோவுக்கு 15 கிராம் உப்பும் விருப்பமான மசாலாவும் தடவ வேண்டும். தோலில் நெருக்கமாகத் துளையிட்டு, ஒட்டத் துடைத்து, மூடாமல் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். மறுநாள் 150 டிகிரி செல்சியஸில் சுமார் 2 மணி நேரம் சுட்டு, கடைசியில் 230 முதல் 240 டிகிரியில் 20 முதல் 30 நிமிடம் தோலைப் பொரிக்க வேண்டும். தோள்பட்டை, பின்தொடை, முதுகுக்கறி ஆகியவற்றுக்கு எது மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கடையில் முன்கூட்டியே சொல்லி வைப்பது முக்கியம். நம் ஊர்க் கறிக்கடைகளில் கேட்காவிட்டால் கட்டையில் வைத்துத் துண்டு போட்டுவிடுவார்கள். “அண்ணே, வெட்ட வேண்டாம், தோல் உரிக்காமல் ஒரே பாளமாகக் கொடுங்கள்” என்று முதல் நாளே சொன்னால் எடுத்து வைப்பார்கள்.

கறியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று இல்லாமல் இந்தச் சமையலில் இறங்காதீர்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்பதைப் பனிக்கட்டி நிறைந்த தண்ணீரில் வைத்துச் சோதிக்கலாம். 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும் என்பது சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் பொருந்தும். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால் அங்கே பனிக்கட்டிச் சோதனைதான் நம்பகமானது.

தோல் பொரியவில்லை, ஜவ்வாக இழுக்கிறது

அதிகம் பேர் சொல்லும் குறை இதுதான். காரணம் பெரும்பாலும் ஈரம். தோல் பொரிவதைக் கூழ் வடாத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மாவைத் தண்ணீரில் வேகவைக்கிறோம், வெயிலில் காய வைக்கிறோம், பிறகுதான் காய்ந்த எண்ணெயில் போடுகிறோம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வடாம் பொரியாது. பன்றித் தோலும் அப்படியே. தோலில் இருக்கும் கொலாஜன் என்னும் புரதம் முதலில் ஈரத்தோடு வெந்து ஜெலட்டினாக இளக வேண்டும். பிறகு அந்த ஈரம் பெருமளவு வெளியேற வேண்டும். கடைசியில் கடும் சூடு படும்போது, மிச்சமிருக்கும் கொஞ்ச ஈரம் ஆவியாகி, இறுகிய தோலைக் கொப்புளம் கொப்புளமாக ஊத வைக்கும். ஜவ்வாக இழுக்கும் தோல் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது, இரண்டாம் கட்டத்தில் நின்றுவிட்டது என்று பொருள்.

எனவே ஈரம் எங்கிருந்து வந்தது என்று வரிசையாகப் பாருங்கள். இஞ்சி பூண்டு விழுதைத் தோலின் மீதும் பூசினீர்களா? நம் சமையலறையில் இது கை தானாகச் செய்துவிடும் வேலை. விழுதில் இருக்கும் தண்ணீர் தோலை ஊற வைக்கும். மிளகாய்த்தூளோ 230 டிகிரியில் கருகிக் கசக்கும். மசாலா கறிப் பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் மட்டுமே. தோலுக்கு உப்பைத் தவிர வேறு எதுவும் தேவையில்லை.

ஃபிரிட்ஜில் மூடி வைத்தீர்களா? மூடினால் காயாது. மூடாமல் வைத்தும் காயவில்லை என்றால் ஃபிரிட்ஜின் வகையைப் பாருங்கள். பனி படியாத வகையில் உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருப்பதால் ஓர் இரவில் தோல் விறைப்பாகிவிடும். பனி படியும் பழைய ஒற்றைக்கதவு வகையில் காற்றோட்டம் குறைவு. இரண்டு இரவு வேண்டியிருக்கலாம். எந்த வகையானாலும் பச்சைக் கறியை அடித்தட்டில், கீழே ஒரு தட்டு வைத்துத்தான் வையுங்கள். அதன் நீர் மற்ற உணவில் சொட்டக் கூடாது. காய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டாமல், வழவழப்பில்லாமல், கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு இருந்தால் போதும்.

சுடும்போது மேலே ஃபாயில் போட்டு மூடினீர்களா? உள்ளே தேங்கும் ஆவி நேராகத் தோலில்தான் படியும். மூட வேண்டியது பக்கவாட்டுக் கறியை மட்டுமே. ஃபாயிலில் ஒரு தொட்டி செய்து, கறியை அதற்குள் உட்கார வைத்து, தோல் மட்டும் வெளியே தெரியும்படி விடுங்கள்.

இவை எல்லாம் சரியென்றால், ஓவன் உண்மையிலேயே அந்தச் சூட்டை எட்டுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். ஓடிஜி எனப்படும் சிறிய வீட்டு மின் ஓவன்களில் திருகு காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். இதற்கு ஒரு வீட்டுச் சோதனை உண்டு. சர்க்கரை 186 டிகிரியை ஒட்டி உருகும். ஒரு கரண்டி சர்க்கரையை ஃபாயிலில் பரப்பி, நன்கு சூடேறிய ஓவனில் 180-ல் 15 நிமிடம் வையுங்கள், உருகக் கூடாது. அடுத்து 190-ல் அதே போல் வையுங்கள், உருக வேண்டும். 200-க்குத் திருகிய பிறகும் சர்க்கரை அப்படியே கிடந்தால் உங்கள் ஓவன் சொல்வதை நம்பாமல், ஓவனுக்குள் வைக்கும் தனித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். மைக்ரோவேவ் ஓவனின் கன்வெக்‌ஷன் முறையில் பல மாடல்கள் 200, 220-க்கு மேல் போகாது. அவற்றில் கறி நன்றாக வேகும், தோல் பொரிவது கடினம்.

இப்போதே மேசையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றால் மீட்க ஒரு வழி இருக்கிறது. தோலை அடியில் இருக்கும் கொஞ்சம் கொழுப்போடு சேர்த்து ஒரே விரிப்பாக அறுத்தெடுங்கள். கறியை ஃபாயிலில் மூடி ஓரமாக வையுங்கள். தோலை மட்டும் கம்பித்தட்டில் வைத்து 230 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். இனி கறி வறண்டுவிடுமோ என்ற கவலை இல்லை என்பதால் தோலுக்கு வேண்டிய சூட்டைத் தயங்காமல் கொடுக்கலாம்.

பாதி பொரிந்திருக்கிறது, பாதி அப்படியே இருக்கிறது

மேற்பரப்பு மட்டமாக இல்லை. வேகும்போது பாளம் வளைந்து நடுவில் பள்ளம் விழும். அதில் கொழுப்பும் நீரும் தேங்கும். தேங்கிய இடம் பொரியாது. அதேபோல் மேட்டில் இருக்கும் பகுதி மேல் கம்பிக்கு மிக அருகில் போய்க் கருகும். சிறிய ஓடிஜியில் இந்த ஒரு அங்குல வித்தியாசம் பெரிய வித்தியாசம். 150 டிகிரிக் கட்டம் முடிந்ததும் தட்டை வெளியே எடுத்து, தாழ்ந்த பக்கத்துக்கு அடியில் ஃபாயில் உருண்டைகளை முட்டுக் கொடுத்து மட்டப்படுத்துங்கள். தேங்கியதை ஒற்றி எடுத்துவிட்டுப் பிறகு சூட்டைக் கூட்டுங்கள். பாதியில் ஒருமுறை தட்டைத் திருப்பி வையுங்கள். முன்னால் பொரிந்துவிட்ட இடத்தில் சிறு ஃபாயில் துண்டு போட்டுக் காப்பாற்றிக்கொண்டு மற்ற இடத்தைப் பொரிய விடலாம்.

தோலில் துளையிடுவதிலும் பிசகு நேர்வது உண்டு. நெருக்கமாக, நூற்றுக்கணக்கில் குத்த வேண்டும். ஆனால் தோலைத் தாண்டிக் கொழுப்பின் மேல்பகுதியோடு நிறுத்த வேண்டும். முள் கறிவரை இறங்கினால் அந்தத் துளை வழியே சாறு மேலேறி வந்து, சுற்றியுள்ள தோலை நனைத்துவிடும். ரோஸ்ட்டை வெளியே எடுத்ததும் பொரியாத இடத்தை உற்றுப் பாருங்கள். பழுப்பு நிறத்தில் பசைபோல் உலர்ந்த வளையம் ஒன்று துளையைச் சுற்றி இருந்தால் ஆழமாகக் குத்தியதுதான் காரணம். பிரிட்டனில் செய்வதுபோல் கத்தியால் கோடு போடுகிறவர்களுக்கும் இதே விதி: தோலைக் கிழிக்கலாம், கொழுப்பில் இறங்கலாம், கறியைத் தொடக் கூடாது.

தோல் கல்லாக இருக்கிறது, பல்லுக்குச் சவால் விடுகிறது

இது ஜவ்வுக்கு நேர் எதிரான கோளாறு. தோல் வேகாமலே காய்ந்துவிட்டது. மூன்று நான்கு நாள் ஃபிரிட்ஜில் உலர்த்திவிட்டு, நேராகக் கடும் சூட்டில் வைத்தால் இப்படி ஆகும். நம் ஊரில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில கடைகளில் முடியைப் போக்கத் தோலைத் தீயில் வாட்டி, மஞ்சள் பூசிச் சுரண்டுவார்கள். அப்படி வாட்டிய தோல் கடையிலேயே கொஞ்சம் இறுகித்தான் வருகிறது. வெந்நீர் ஊற்றிச் சுரண்டிய வெள்ளைத் தோல் கிடைத்தால் ரோஸ்ட்டுக்கு அதுவே மேல்.

பரிகாரம், சீனாவின் குவாங்டோங் பகுதிச் சமையல்காரர்கள் செய்வது. ஹாங்காங்கிலும், சிங்கப்பூர், மலேசியா கடைகளிலும் கொக்கியில் தொங்கும் சியூ யோக் என்னும் மொறுமொறுத் தோல் பன்றி ரோஸ்ட் அவர்கள் கைவண்ணம். பாளத்தின் தோல் பக்கம் தண்ணீரில் இருக்கும்படி 10 முதல் 15 நிமிடம் கொதிக்க விடுகிறார்கள். தோல் இளகிவிடும், துளையிடுவதும் எளிதாகும். அதன் பிறகுதான் துடைத்து, உலர்த்தி, சுடுவது. வாட்டிய தோல் என்றால் இந்த வேலையைத் தவிர்க்கவே கூடாது என்பது என் கருத்து. மிச்சமிருக்கும் முடிக்கால்களையும் இந்த நேரத்தில் கத்தியால் சுரண்டிவிடலாம்.

கறி வறண்டுவிட்டது

எந்தப் பகுதி என்பதுதான் முதல் கேள்வி. முதுகுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு; நல்ல பண்ணைக் கறி என்று தெரிந்தால் 63 முதல் 66 டிகிரிக்குள், தெரியாவிட்டால் 70-ல் எடுத்துவிட வேண்டும். 75-ஐத் தாண்டினால் எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது. பின்தொடைக்கு 68, 70. வயிற்றுப் பகுதி கொழுப்பின் தயவில் 80, 85 வரை தாங்கும். தோள்பட்டைக்கு 90-ஐ ஒட்டிப் போவதுதான் சரி. முதுகுக்கறியைத் தோள்பட்டையின் நேரக் கணக்கில் சுட்டால் நார்தான் மிஞ்சும்.

வெளியே எடுத்த பிறகும் உள்சூடு 3 முதல் 5 டிகிரி ஏறும். எனவே மேலே சொன்ன அளவைத் தொட்டதுமே எடுத்து, 15 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு வெட்டுங்கள். தெர்மாமீட்டரின் முனை கறியின் நடுவில் இருக்க வேண்டும்; எலும்பைத் தொட்டாலோ கொழுப்பு அடுக்கில் நின்றாலோ காட்டும் எண் பொய்.

ஏற்கெனவே வறண்டுவிட்டதை மெல்லியதாக, நாருக்குக் குறுக்கே அரியுங்கள். தட்டில் வடிந்த சாற்றிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டு, கொஞ்சம் வெந்நீர், மிளகு, சில துளி வினிகர் சேர்த்துச் சூடாக்கி, துண்டுகளை அதில் புரட்டிப் பரிமாறுங்கள். வறட்சி நீங்காது, ஆனால் சாப்பிட முடியும்.

மூன்று மணி நேரம் சுட்டும் தோள்பட்டை கடினமாகவே இருக்கிறது

வெந்துவிட்டது, இளகவில்லை. தோள்பட்டை நாள் முழுக்க வேலை செய்யும் தசை. அதில் கொலாஜன் அதிகம். அது ஜெலட்டினாக மாறச் சூடும் நேரமும் இரண்டும் வேண்டும். 70-ல் பாதுகாப்பாக இருக்கும், சுவைக்கக் கடினமாக இருக்கும். 90-ஐத் தொடும்போது கரண்டியால் பிய்க்கலாம்.

நடுவே 65-க்கும் 75-க்கும் இடையில் தெர்மாமீட்டர் ஒரே இடத்தில் நின்றுவிடும். ஓவன் பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். கறியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், ஓவன் கொடுக்கும் சூட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போவதால் வரும் தேக்கம் இது. பொறுமை இருந்தால் காத்திருங்கள், தானே நகரும். அவசரம் என்றால் ஃபாயிலில் இறுகச் சுற்றுங்கள். தோல் இருக்கும் துண்டாக இருந்தால் சுற்றுவதற்கு முன் தோலைத் தனியே எடுத்துவிடுவது நல்லது.

நடுவில் இளஞ்சிவப்பாக இருக்கிறது, சாப்பிடலாமா?

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். 70-ஐத் தாண்டிய கறியும் சிவந்திருக்கலாம்; எலும்பை ஒட்டிய கறி வெந்த பிறகும் சிவப்பாகவே இருப்பது உண்டு. தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

அமெரிக்க வேளாண் துறை 2011-ல் முழுத்துண்டுப் பன்றிக்கறிக்கான அளவை 71 டிகிரியிலிருந்து 63-க்குக் குறைத்தது. எடுத்த பிறகு 3 நிமிடம் விட்டுவைக்க வேண்டும் என்றது. கொத்துக்கறிக்குப் பழைய 71-தான் இன்றும். நல்ல பண்ணையில், அடைத்து வளர்த்த வெண்பன்றி என்று உறுதியாகத் தெரிந்தால் முதுகுக்கறியை 63-ல் எடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எங்கே வளர்ந்தது என்றே தெரியாத கறியை 70-க்குக் கீழே எடுக்காதீர்கள். மனிதக் கழிவு கிடக்கும் இடத்தில் மேய்ந்து வளரும் பன்றிகளின் தசையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கூடுகள் இருக்கலாம். போதிய சூட்டில் அவை செத்துவிடும், அரைவேக்காட்டில் சாகாது. வீட்டில் கறியைக் கழுவும்போது தசைநார்களுக்கு இடையே அரிசி அளவிலோ பட்டாணி அளவிலோ வெண்மையான, நீர் கோத்த கொப்புளங்கள் தெரிந்தால் அதைச் சமைக்க வேண்டாம். கடையில் காட்டித் திருப்பிக் கொடுங்கள்.

சூடு குறைவாக இருந்தால் மறுபடி ஓவனில் வைப்பதில் எந்த இழப்பும் இல்லை. தோல் ஏற்கெனவே பொரிந்திருந்தால் 140 டிகிரியில், மூடாமல் வையுங்கள்.

சுட்டதுபோல் இல்லை, அவித்ததுபோல் இருக்கிறது

தட்டில் நீர் தேங்கி, கறி அதிலேயே உட்கார்ந்து வெந்திருக்கிறது. உயரமான பக்கங்கள் உள்ள பாத்திரத்தை விட்டுவிட்டு, ஆழமில்லாத தட்டில் கம்பித்தட்டு போட்டுக் கறியை அதன் மேல் வையுங்கள். உறைந்த கறியை முழுதாக இளகாமல் வைத்தாலும் இப்படித்தான் ஆகும். ஒன்றரைக் கிலோ துண்டு ஃபிரிட்ஜுக்குள் இளக ஒரு முழு நாள் பிடிக்கும்.

இவை எதுவும் காரணம் இல்லையென்றால் குறை கறியிலேயே இருக்கலாம். வெட்டுவதற்கு முன் மிரண்டு, அலைக்கழிந்த பன்றியின் கறி, உடல் சூடு ஆறுவதற்குள் வேகமாகப் புளித்தன்மை அடைந்துவிடும். வெளிறி, தொளதொளத்து, தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாத கறியாகிவிடும். வாங்கும்போதே பையில் நீர் தேங்கியிருந்தால், கறி இளஞ்சிவப்பு இல்லாமல் சாம்பல் வெளுப்பாக இருந்தால், அதை ரோஸ்ட்டுக்கு எடுக்காதீர்கள், குழம்புக்குப் போகட்டும்.

சூடானதும் ஒரு வாடை எழுகிறது

கெட்டுப்போன வாடை வேறு. அது பச்சையாக இருக்கும்போதே தெரியும், தூக்கிப்போட வேண்டியதுதான். சூடேறிய பிறகு மட்டும் சிறுநீரும் சாணமும் கலந்ததுபோல் எழுவது, காயடிக்காமல் வளர்ந்த ஆண் பன்றியின் வாடை. ஆண்ட்ரோஸ்டினோன், ஸ்கேடோல் என்னும் இரண்டு பொருட்கள் கொழுப்பில் சேர்ந்திருப்பதால் வருவது. கொழுப்பில் இருப்பதைக் கழுவி எடுக்க முடியாது. எலுமிச்சையும் வினிகரும் கொஞ்சம் மறைக்கும், அவ்வளவுதான். ஆண்ட்ரோஸ்டினோனை மோப்பம் பிடிக்கும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடும். சமைத்தவருக்கு ஒன்றுமே தெரியாமல் இருக்க, விருந்தாளி ஒருவர் தட்டைத் தள்ளி வைப்பார், அவர் மிகைப்படுத்தவில்லை.

இதற்குத் தடுப்பு மட்டுமே உண்டு. கடையில் பெட்டையா, காயடித்ததா என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் நகத்தளவு கொழுப்பை நறுக்கி, காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, எழும் புகையை வீட்டில் இரண்டு மூன்று பேரை முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் முகம் சுளித்தாலும் அந்தத் துண்டு ரோஸ்ட்டுக்கு ஆகாது. இஞ்சி, மிளகு, வினிகர் தூக்கலாகப் போட்டு, கொழுப்பை நீக்கிய காரக்குழம்பாக்கிவிடுங்கள்.

மேலே உப்பு, உள்ளே சப்பை

நேரம் போதவில்லை. உப்பு உள்ளே இறங்க ஓர் இரவாவது வேண்டும். கறிப் பக்கத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் கீறி உப்பைத் தேய்த்தால் உதவும்.

வீடு முழுக்கப் புகை

தட்டில் விழும் கொழுப்பு கருகுகிறது. அடித்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வையுங்கள். சூட்டைக் கூட்டுவதற்கு முன் தண்ணீரையும் கொழுப்பையும் வடித்துவிட்டு, தட்டில் புதிய ஃபாயில் விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த ஆவியே தோலை நனைக்கும். உள்ளே தீப்பிடித்துவிட்டால் சுவிட்சை அணைத்து, கதவை மூடியே வையுங்கள். எரியும் கொழுப்பில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பொரிந்த தோல் நமத்துவிட்டது

வெளியே எடுத்ததும் ஃபாயில் போட்டு மூடுவதுதான் வழக்கமான காரணம். தோல் பொரிந்த துண்டைத் திறந்தே ஆற விடுங்கள். சூடான சாற்றை மேலே ஊற்றாதீர்கள்; தட்டில் ஊற்றி, அதன் மேல் துண்டை வையுங்கள். வெட்டும்போது தோல் கீழே இருக்கும்படி கவிழ்த்து, கறிப் பக்கத்திலிருந்து கனமான கத்தியை இறக்கி, கடைசியில் தோலை ஒரே அழுத்தில் வெட்டினால் நொறுங்காது.

மிச்சத்தைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. மூன்று நான்கு நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். மறுநாள் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். அது கறியின் ஈரத்தை ஆவியாக்கித் தோலுக்குள் அனுப்பும். தடித்த துண்டுகளாக இருந்தால், தோல் மேலே பார்த்திருக்க 200 டிகிரி ஓவனில் 10 முதல் 15 நிமிடம். ஓவனைப் பற்றவைக்க மனமில்லை என்றால், எண்ணெய் ஊற்றாத இரும்புக் கல்லில் தோல் பக்கத்தைக் கீழே வைத்து மிதமான தீயில் விடுங்கள். தன் கொழுப்பிலேயே அது மறுபடி மொறுமொறுக்கத் தொடங்கும். முதல் சில நிமிடம் தெறிக்கும் என்பதால் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.